நிற்கத் தெரிந்த வண்டி

மோட்டார் கார் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "எவ்வளவு வேகம் போகும்?" என்பது. அடுத்த கேள்வி, "லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும்?" என்பது. "பிரேக் போட்டால் நிற்குமா?" என்று கேட்டுக் கார் வாங்கியவர் யாரும் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. நிற்பது என்பது சொல்லாமலே விளங்க வேண்டிய விஷயம் என்று நாம் நினைத்துக் கொள்கிறோம். வண்டி புதிதாக இருக்கிறவரையில் அந்த நினைப்பில் பிழையில்லை. பத்து வருஷம் வெயிலிலும் மழையிலும் ஓடித் தேய்ந்த வண்டியைப் பற்றி என்ன சொல்வது?

இந்தக் கேள்வியைக் கார் வைத்திருக்கும் ஒவ்வொருவரிடமும் வருஷத்துக்கு ஒரு முறை கேட்டே தீருவது என்று பிரிட்டிஷ் சர்க்கார் 1960-ஆம் வருஷம் ஆரம்பித்தது. 'எம்.ஓ.டி.' என்று அந்தப் பரீட்சைக்குப் பெயர். 'மினிஸ்டிரி ஆஃப் டிரான்ஸ்போர்ட்' என்ற போக்குவரத்து மந்திரி இலாகாவின் முதல் எழுத்துக்கள் அவை. அந்த இலாகா 1970-ல் வேறொரு பெரிய இலாகாவோடு கலந்து, பழைய பெயரை இழந்துவிட்டது. ஆனால் பரீட்சையின் பெயர் மட்டும் மாறவில்லை. அந்த மூன்று எழுத்துக்களுக்கு என்ன விரிவு என்று கேட்டால், அங்கே கார் ஓட்டுகிற பலருக்கு உடனே சொல்லத் தெரியாது. பரீட்சை என்றைக்கு என்று கேட்டால் தேதியைச் சொல்லிவிடுவார்கள்!

இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்று பார்த்தால் ஒரு வேடிக்கை தெரிகிறது. சட்டம் மோட்டார் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தது. வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்க அதற்கு வெகுகாலம் பிடித்தது.

ஆரம்பத்தில் சட்டம் வண்டியைக் கண்டு பயந்தது. 1865-ஆம் வருஷத்துச் சட்டப்படி, இயந்திரத்தால் ஓடும் வண்டி பட்டணத்தில் மணிக்கு 2 மைலுக்கு மேலும், நாட்டுப்புறத்தில் 4 மைலுக்கு மேலும் போகக் கூடாது. வண்டிக்கு 60 கஜம் முன்னால் ஒருவன் சிவப்புக் கொடியுடன் நடந்து போக வேண்டும். நம் ஊர் மாட்டு வண்டி இதைவிட வேகமாகப் போகும்.

1896 நவம்பர் 14-ந் தேதி இந்தக் கட்டு அவிழ்ந்தது. உச்ச வேகம் 14 மைல் வரை போகலாம் என்று புதுச் சட்டம் அமலுக்கு வந்தது. அதைக் கொண்டாட லண்டனிலிருந்து பிரைட்டன் வரையில் மோட்டார் வண்டிகள் ஊர்வலமாகப் போயின. அந்தக் கொண்டாட்டத்துக்கு மூன்று மாதம் முன்னால், ஆகஸ்டு 17-ந் தேதி, லண்டன் கிரிஸ்டல் பாலஸ் மைதானத்தில் பிரிட்ஜெட் டிரிஸ்கால் என்ற 44 வயது ஸ்திரீ, தம் மகளோடு நடந்து வந்து கொண்டிருந்தார். ஜனங்களை ஏற்றி வேடிக்கை காட்டுவதற்காக ஓட்டிய ஒரு மோட்டார் வண்டி அவர் மேல் மோதியது. பிரிட்டனில் மோட்டார் காரால் உயிரிழந்த முதல் பாதசாரி அந்த அம்மாள்தான். மணிக்கு நாலு மைல்தான் போனேன் என்றான் வண்டியை ஓட்டியவன். தற்செயலாக நேர்ந்த மரணம் என்று விசாரணை முடிந்தது. இப்படி ஒரு காரியம் இனி ஒருபோதும் நடக்காது என்று நம்புவதாக மரண விசாரணை அதிகாரி சொன்னாராம். பாவம், நல்ல மனுஷர்!

அதற்குப் பிறகு சட்டம் ஒவ்வொரு படியாக ஏறியது. 1903-ஆம் வருஷத்துச் சட்டம் வண்டிக்கு நம்பரும் ஓட்டுகிறவருக்கு லைசென்ஸும் கொடுத்தது. லைசென்ஸுக்குப் பரீட்சை கிடையாது. பணம் கட்டினால் போதும். 1930-ஆம் வருஷத்துச் சட்டம் இன்ஷியூரன்ஸைக் கட்டாயமாக்கியது. இடிபட்டவனுக்கு நஷ்டஈடு கிடைக்க வழி பிறந்தது. இடிபடாமல் இருக்க வழி பிறக்கவில்லை. 1934-ல் மட்டும் பிரிட்டனின் சாலைகளில் 7,343 பேர் மாண்டார்கள். அதற்கு மறு வருஷம், புதிதாக ஓட்ட வருகிறவர்கள் பரீட்சையில் தேறியாக வேண்டும் என்று ஏற்பட்டது.

ஆக, வண்டியை எண்ணியாகிவிட்டது; நஷ்டஈட்டுக்கு ஏற்பாடு செய்தாகிவிட்டது; மனிதனுக்குப் பரீட்சை வைத்தாகிவிட்டது. வண்டி? பஸ்ஸுக்கு 1930-ஆம் வருஷத்துச் சட்டத்திலேயே தகுதிச் சான்றிதழ் கேட்டார்கள். அதே வழியில்தான் 1939-ஆம் வருஷத்து இந்திய மோட்டார் வாகனச் சட்டமும் பஸ், லாரிகளுக்குத் தகுதிச் சான்றிதழைக் கட்டாயமாக்கியது. நம் ஊர் டிரைவர்கள் 'எஃப்.சி.' என்று சொல்வது அதைத்தான். ஆனால் சொந்தக் கார் என்பது சொந்த விஷயம்; ஒருவருடைய கொல்லைப்புறத்தில் சர்க்கார் எட்டிப் பார்க்கலாமா என்ற எண்ணம் பிரிட்டனில் நீடித்தது.

அந்த எண்ணத்தை அசைத்தது யுத்தத்துக்குப் பிந்திய காலம். யுத்தத்தில் கஜானா காலியாகிவிட்டபடியால், பிரிட்டனில் செய்த கார்களில் பெரும் பங்கை வெளிதேசங்களுக்கு அனுப்பினார்கள். உள்ளூர்க்காரர்கள் புதுக் காருக்கு வருஷக் கணக்கில் காத்திருந்தார்கள். யுத்தத்துக்கு முன்னால் வாங்கிய கார்கள் ஓய்வு பெற வேண்டிய வயதிலும் உழைத்துக் கொண்டிருந்தன. 1950-ல் பெட்ரோல் ரேஷனும் நீங்கிற்று. வண்டிகள் பெருகின, வேகம் பெருகியது. 1959 நவம்பரில் எம்-1 என்ற நீண்ட விரைவுச் சாலையின் முதல் பகுதி திறக்கப்பட்டபோது, அன்றைக்கு அங்கே வேகத்துக்கு வரம்பே இல்லை. இருபது வயது பிரேக்கும் புத்தம் புதுச் சாலையும் சந்தித்தால் என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டிய வேளை வந்தது.

பழைய கார்களைச் சோதிக்கும் அதிகாரத்தை 1956-ஆம் வருஷத்துச் சட்டமே கொடுத்துவிட்டது. அதை அமலுக்குக் கொண்டுவந்தவர் எர்னஸ்ட் மார்ப்பிள்ஸ் என்ற போக்குவரத்து மந்திரி. கதை எழுதுகிறவன் கற்பனை செய்தால், இவ்வளவு பொருத்தமாகச் செய்யக் கூடாது என்று பத்திரிகாசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார். அப்படிப்பட்ட பாத்திரம் அவர். சாலை போடும் கம்பெனி ஒன்றை நிறுவியவர்களில் ஒருவர், சாலைகளுக்கு மந்திரியானார். ஒரே மனிதர் இரண்டு பக்கத்திலும் இருக்கலாமா என்ற புகார் அவரை விடாமல் துரத்தியது. 1975-ல் வரித் தகராறு முற்றி, தேசத்தை விட்டே கிளம்பி மொனாக்கோவில் போய்த் தங்கினார். அவர் காலத்தில் தொடங்கிய பரீட்சைக்குள்ளேயும் 'இரண்டு பக்கத்திலும் ஒரே ஆள்' என்ற சிக்கல் ஒன்று இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

1960 செப்டம்பரில் பத்து வயதான கார்களுக்குப் பரீட்சை ஆரம்பமாயிற்று. 1961 பிப்ரவரியில் கட்டாயமாயிற்று. பாடங்கள் மூன்றே: பிரேக், விளக்கு, ஸ்டியரிங். தோற்ற வண்டிகளின் தொகையைப் பார்த்துச் சர்க்காரே அசந்து போயிற்று. அதே வருஷம் டிசம்பரில் வயதை ஏழாகக் குறைத்தார்கள். 1967-ல் மூன்றாகக் குறைத்தார்கள். 1962-லிருந்து சான்றிதழ் இல்லாமல் வண்டிக்கு வரி வில்லை கிடையாது என்று முடிச்சுப் போட்டார்கள். 1968-ல் டயர், 1977-ல் கண்ணாடி துடைப்பானும் ஹாரனும் உடற்கூடும், 1991-ல் புகையும் பின் இருக்கைப் பட்டியும் என்று பாடங்கள் ஏறிக்கொண்டே போயின.

பாடத் திட்டத்தில் சேராதவையும் உண்டு. எஞ்சினின் பலத்தை அவர்கள் சோதிப்பதில்லை. கிளச், கியர் பாக்ஸ் பக்கம் திரும்புவதில்லை. காரின் உயிரே அவற்றில்தானே இருக்கிறது என்று நமக்குத் தோன்றும். நன்றாக யோசித்தால் நியாயம் விளங்குகிறது. கிளச் கெட்டால் வண்டி ஓடாது, நஷ்டம் சொந்தக்காரருக்கு. பிரேக் கெட்டால் வண்டி நிற்காது. நஷ்டம் எதிரே வருகிறவருக்கு. அந்தப் பரீட்சை காருக்குச் சொந்தக்காரரைப் பற்றிக் கவலைப்பட்டு ஏற்பட்டதல்ல. சாலை ஓரத்தில் மகளோடு நடந்து வருகிற பிரிட்ஜெட் டிரிஸ்காலைப் பற்றிக் கவலைப்பட்டு ஏற்பட்டது.

சரி, பரீட்சை வைப்பது யார்? இங்கேதான் அந்தச் சிக்கல் வருகிறது. இவ்வளவு கார்களையும் சோதிக்கச் சர்க்காரிடம் அத்தனை கொட்டகையும் இல்லை, ஆட்களும் இல்லை. ஊருக்கு ஊர் இருந்த மோட்டார் கராஜ்களுக்கு அங்கீகாரம் கொடுத்தார்கள். அதாவது, வண்டியில் கோளாறு என்று தீர்ப்புச் சொல்கிறவரே அந்தக் கோளாறைக் கூலிக்கு ரிப்பேர் செய்கிறவரும்கூட! "நீ பெயில், என்னிடமே டியூஷன் வைத்துக்கொள்" என்று சொல்லும் வாத்தியாரை நாம் அறிவோம் அல்லவா?

ஜெர்மனியில் வேறு வழி. அங்கே 1951-லிருந்து கார்களுக்குத் தவணைப் பரீட்சை கட்டாயம். அதை நடத்துகிறவற்றில் முக்கியமானவை, முன் நூற்றாண்டில் நீராவிக் கொதிகலன்கள் வெடிக்காமல் இருக்கிறதா என்று பார்க்க ஏற்பட்ட சங்கங்களின் வாரிசுகள். அவர்கள் பார்ப்பார்கள், ரிப்பேர் செய்யமாட்டார்கள். வட அயர்லாந்தில் சர்க்காரே பரீட்சை நிலையங்களை நடத்துகிறது. சர்க்கார் நடத்தினால் குறையே இராது என்றும் சொல்வதற்கில்லை. 2020 ஜனவரியில் அந்த நிலையங்களில் காரைத் தூக்கி நிறுத்தும் லிப்டுகளைச் சோதித்துப் பார்த்தபோது, 55-ல் 48 லிப்டுகளில் விரிசல் அறிகுறிகள் தெரிந்தன. கார்களுக்கான பரீட்சையையே நிறுத்தி வைக்கும்படி ஆயிற்று. பரீட்சை வைத்தவரே பெயில்!

பிரிட்டன் தன் சிக்கலுக்குப் பல சின்னப் பூட்டுகள் போட்டு வைத்திருக்கிறது. அங்கே ஒருவர் நல்ல கராஜைத் தேடிப் போகும் விதத்தைச் சொன்னால் அவை விளங்கும். அங்கீகாரம் பெற்ற இடத்தில் நீல நிறத்தில் மூன்று முக்கோணம் போட்ட பலகை தொங்கும். கட்டணத்துக்கு உச்ச வரம்பு உண்டு. காருக்கு 54 பவுன் 85 பென்ஸ் என்று 2010-ல் நிர்ணயித்தார்கள். அதற்குள் குறைத்து வாங்கலாம். கூட்டி வாங்கக் கூடாது. வண்டிக்காரர் தூர நின்று பரீட்சையைப் பார்க்க இடம் ஒதுக்கியிருக்க வேண்டும். பிரேக்கை உருளைகளின் மேல் ஏற்றி அளப்பதையும், அடிப்பாகத்தில் துருப் பிடித்த இடத்தைத் தட்டிப் பார்ப்பதையும், டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்ப்பதையும் அவர் கண்ணாலேயே காணலாம். தோற்றுவிட்டால் காரணங்களை எழுதிக் கொடுக்க வேண்டும். தீர்ப்புத் தப்பு என்று தோன்றினால் 14 வேலை நாட்களுக்குள் சர்க்கார் ஏஜென்ஸியிடம் அப்பீல் செய்யலாம்.

விவரம் தெரிந்தவர்கள் இன்னொரு வழியையும் நாடுகிறார்கள். நகரசபைகள் தங்கள் வண்டிகளுக்காக நடத்தும் பரீட்சை நிலையங்கள் சில ஊர்களில் உண்டு. பொதுஜனங்களும் அங்கே போகலாம். வெளியார் வண்டியை அங்கே பெரும்பாலும் ரிப்பேர் செய்வதில்லை. ஆகையால் வண்டியைத் தோற்கடிப்பதால் அவர்களுக்கு ஒரு காசு லாபமில்லை. தேற வைப்பதாலும் இல்லை.

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். நியாயமில்லாமல் தோற்கடிக்கிற கராஜைப் பற்றித்தான் எல்லோரும் புகார் சொல்லுகிறார்கள். ஆனால் உண்மையில் பயங்கரமானவர், நியாயமில்லாமல் தேற வைக்கிறவர். வண்டியைக் கண்ணால் பாராமலே சான்றிதழ் கொடுத்துவிடுகிற மோசடி அங்கேயும் உண்டு. 'பேய்ப் பரீட்சை' என்று அதைச் சொல்கிறார்கள். முதல் வகை அநியாயத்தில் பாதிக்கப்பட்டவர் கூச்சல் போடுவார். இரண்டாவது வகையில் கொடுத்தவருக்கும் திருப்தி, வாங்கியவருக்கும் திருப்தி. பாதிக்கப்படப் போகிறவர் எங்கோ ஒரு தெருவில், இது ஒன்றும் தெரியாமல், காய்கறி வாங்கிக்கொண்டு நடந்து போகிறார். அவர் எங்கே போய் அப்பீல் செய்வது?

சாலையில் மாளுகிறவர்களின் தொகை 1966-ல் ஏறக்குறைய 8,000. பிற்பாடு கார்கள் பல மடங்கு பெருகியும், 2023-ல் அது 1,624. இந்தப் பெருமை முழுவதும் எம்.ஓ.டி.க்குச் சேராது. குடித்துவிட்டு ஓட்டுவதைக் கண்டுபிடிக்கும் கருவிக்கும், இருக்கைப் பட்டிக்கும், நல்ல சாலைகளுக்கும், ஆஸ்பத்திரிகளுக்கும் பங்கு உண்டு. ஆனாலும் இன்றைக்கும் பரீட்சைக்குப் போகிற கார்களில் சுமார் பத்துக்கு மூன்று முதல் தடவையில் தோற்கின்றன. அந்த மூன்றின் சொந்தக்காரர்களும் அன்று காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது, தம் வண்டிக்கு ஒன்றுமில்லை என்று நினைத்திருக்கக் கூடும்.

சான்றிதழ் ஒரு நாள் சாட்சி மட்டுமே. அன்றைக்கு, அந்த நேரத்தில், வண்டி சரியாக இருந்தது என்று அது சொல்லும். மறுநாள் காலையிலிருந்து சாட்சி சொல்ல வேண்டியவர் ஓட்டுகிறவர்தான். பிரேக்கை மிதிக்கும்போது கால் வழக்கத்தைவிடக் கொஞ்சம் ஆழமாக இறங்கினால், முதலில் தெரிவது அவருக்கு. அடுத்த பரீட்சைக்குப் பதினோரு மாதம் இருக்கிறதே என்று தள்ளிப் போடுவதா, அன்றைக்கே கராஜுக்கு வண்டியைத் திருப்புவதா? அதை அவர் தீர்மானிப்பதில்தான், எதிரே நடந்து வருகிறவருடைய உயிர் இருக்கிறது.