பலகையில் ஒட்டிய படங்கள்

பாம்பன் தீவிலுள்ள தங்கச்சிமடத்தில் வீடு மந்திரிக்கச் செல்லும்போதெல்லாம் நாம் முதலில் காண்பது சுவரில் தொங்கும் திருப்படத்தையே. திரு இருதய ஆண்டவரோ, குழந்தை தெரேசாளோ, பதுவை அந்தோனியாரோ, எவராயினும் அப்படம் பல வீடுகளில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இராது. நாள்காட்டியிலிருந்து வெட்டியெடுக்கப்பட்டு, ஒட்டுப்பலகையில் பசையிட்டு ஒட்டப்பட்டு, மேலே வார்னிஷ் பூசப்பட்டிருக்கும். கடற்கரையின் உப்புக்காற்றில் ஆணி துருவேறும். கண்ணாடிக்குள் ஈரம் புகுந்து பூஞ்சை படரும். அதற்கு எளிய மக்கள் கண்ட மாற்று இது. இக்கைவேலைக்கும் ஒரு வரலாறு உண்டு.

பதினெட்டாம் நூற்றாண்டில் சீன, ஜப்பானிய அரக்குப் பூச்சுப் பொருள்களின்மீது ஐரோப்பியச் செல்வர்களுக்குப் பெரும் மோகம் இருந்தது. அவற்றின் விலையைக் கொடுக்க இயலாதோருக்காக வெனிஸ் நகரக் கைவினைஞர்கள் அச்சுப் படங்களை வெட்டி, வண்ணமிட்டு, மரப்பெட்டிகளிலும் அலமாரிகளிலும் ஒட்டி, அவற்றின்மேல் வார்னிஷை அடுக்கடுக்காகப் பூசினர். ‘லாக்கா பொவேரா’, அதாவது ‘ஏழையின் அரக்கு’ என்று அதற்குப் பெயர். பின்னாளில் ‘தெக்கூபாஜ்’ என்ற பிரெஞ்சுச் சொல் நிலைத்தது. இதற்கான தாள்களை அச்சிட்டோருள் பஸ்ஸானோ நகரின் ரெமொந்தினி குடும்பத்தார் புகழ் பெற்றவர்கள். மலிவான புனிதர் படங்களும் அவர்கள் அச்சகத்திலிருந்தே வெளிவந்தன. தெசீனோ பள்ளத்தாக்கின் சுமை வணிகர்கள் அவற்றை முதுகில் சுமந்து நாடு நாடாகச் சென்று விற்றனர். மாளிகையின் அலமாரிக்கு அழகூட்டிய தாளும், குடிசைச் சுவரில் செபத்துக்குத் துணைநின்ற தாளும் ஒரே அச்சகத்தில் பிறந்தவை!

நம் நாட்டிலோ தஞ்சை ஓவியத்துக்குப் ‘பலகைப் படம்’ என்றே ஒரு பெயர் உண்டு. பலாப்பலகையில் புளியங்கொட்டைப் பசையால் துணியை ஒட்டி, அதன்மேல் தீட்டப்படுவது அது. பொன்தாளும் கற்களும் பதித்த அவ்வோவியம் ஏழையின் வீட்டுக்கு வந்ததில்லை. 1894இல் இரவிவர்மா பம்பாயில் நிறுவிய அச்சகம், தெய்வ உருவங்களை மலிந்த விலையில் வீடுகளுக்குக் கொண்டுசென்றது. 1920களில் தீப்பெட்டித் தொழிலில் இறங்கிய சிவகாசி, பின்னர் அச்சுத்தொழிலிலும் தலையெடுத்து நாள்காட்டிகளின் நகரமாயிற்று. தினசரி நாள்காட்டியே அட்டையில் ஒட்டிய படந்தானே! ஆண்டு முடிந்ததும் தேதித்தாள் தீர்ந்துவிடும். புனிதர் சுவரிலேயே தங்கிவிடுவார்.

இனிப் பசையைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டும். பழைய புத்தகக் கட்டுநர்கள் மைதா மாவை நீரில் கரைத்துக் காய்ச்சி, பூச்சி அரிக்காதிருக்க மயில்துத்தம் சேர்ப்பார்கள். நனைந்த தாள் விரியும். உலரும்போது சுருங்கி அட்டையைத் தன் பக்கம் வளைக்கும். ஆகவே அட்டையின் பின்புறத்திலும் ஒரு தாளை ஒட்டி இழுவையைச் சமன்செய்வார்கள். அப்பசையின் தனிச்சிறப்பு, ஈரத்துணியால் பொறுமையாக நனைத்தால் அது மீண்டும் இளகும் என்பது.

இன்று அதன் இடத்தைப் பிடித்திருப்பது வெள்ளைப் பசை. அதன் மூலப்பொருளாகிய பாலிவினைல் அசிடேட் 1912இல் ஜெர்மனியில் கண்டறியப்பட்டது. 1959இல் ‘ஃபெவிக்கால்’ நம் நாட்டில் விற்பனைக்கு வந்தது. தெக்கூபாஜுக்கென்றே விற்கப்படும் பசைகள் பலவும் இவ்வினத்தவையே. ஒட்டவும் மேலே பூசவும் ஒரே குப்பி போதும். வசதிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் கடலோர ஈரத்தில் அப்பூச்சு பிசுபிசுக்கும். முற்றும் உலர்ந்தபின் தாளைக் கிழிக்காமல் அதைப் பிரித்தெடுப்பது மிகவும் அரிது.

நாள்காட்டிப் படத்துக்கு இதனால் பெரிய இழப்பு இல்லை. அடுத்த ஆண்டு வேறொன்று வரும். நம்மை வருத்துவது வேறு. வீட்டிலுள்ள பழைய சிறு படங்களையும் இப்போது அவ்வாறே பலகையில் ஒட்டிவிடுகிறார்கள். குருப்பட்ட நினைவுப் படம், புதுநன்மை நினைவுப் படம், இறந்தோர் நினைவுப் படம் ஆகியவற்றின் முன்புறத்தில் புனிதர் இருப்பார். பெயரும் நாளும் ஊரும் அச்சிடப்பட்டிருப்பது பின்புறத்தில். சிலவற்றில் பாட்டனாரின் கையெழுத்தும் இருக்கும். 1964 டிசம்பர் 22 இரவில் தனுஷ்கோடியை அழித்த புயலில் வீட்டோடு தாள்களையும் இழந்த குடும்பங்களுக்கு, எஞ்சிய எழுத்துச் சான்று சில வேளைகளில் அதுவாகவே இருக்கும். படத்தைக் காக்க விரும்பிப் பூசும் பசையே அவ்வெழுத்தை மூடிவிடுகிறது. படத்தைப் பெருமையோடு காட்டும் பேரப்பிள்ளைக்கு, அது யாருடைய நினைவுக்காக அச்சானது என்பது தெரிவதில்லை.

அத்தகைய படத்தின் இருபுறத்தையும் முதலில் நகலெடுத்துக்கொள்ளலாம். முன்புற நகலைப் பலகையில் ஒட்டி, விரும்பியபடி வார்னிஷும் பூசலாம். ஆனால் கணினி அச்சு மை சில வேளை பசையின் ஈரத்தில் கசியும். ஓரத்தில் சிறிது பூசிப் பார்ப்பது நல்லது. மூலப் படத்தை ஒட்டாமல், நான்கு மூலைகளிலும் தாள் மடிப்புகளில் செருகி, ஓர் அட்டைக்குள் வைத்து, கடற்காற்று படாத பெட்டியில் குடும்பத் திருமணப் பத்திரங்களோடு சேர்த்து வைக்கலாம்.