சியெனாவின் வெள்ளைச் சாலைகள்

இத்தாலியின் தொசுக்கானா மாநிலத்தில் சியெனா நகரைச் சுற்றியுள்ள குன்றுகளின் ஊடே செல்லும் சரளைச் சாலைகள் 'ஸ்த்ராதே பியாங்கே' எனப்படுகின்றன. இத்தாலிய மொழியில் இதன் பொருள் 'வெள்ளைச் சாலைகள்' என்பதாகும். சுண்ணாம்புக் கல்லை உடைத்துப் பரப்பி அமைக்கப்பட்ட இவை, கோடையில் வெண்புழுதியும் மழையில் வழுக்கும் சேறுமாக இருப்பவை. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் தாரின் கீழ் மறைந்துபோகும் நிலையில் இருந்த இச்சாலைகள், இன்று உலகின் புகழ்பெற்ற மிதிவண்டிப் பாதைகளுள் அடங்குகின்றன. இம்மாற்றத்துக்கு வித்திட்டது 1997-இல் ஒரு சிற்றூரில் நடந்த பழைய மிதிவண்டிகளின் பயணம் ஆகும்.

நிலமும் சாலையும்

சியெனாவுக்கு வடக்கே கியாந்தி குன்றுகள் உள்ளன. கருவாலிக் காடுகள், திராட்சைத் தோட்டங்கள், ஒலிவ மரங்கள், கற்கோட்டைகள் ஆகியவை நிறைந்த பகுதி இது. நகருக்குத் தென்கிழக்கே 'கிரேத்தே செனேசி' எனப்படும் களிமண் மேடுகள் உள்ளன. பிளியோசீன் காலத்தில் கடலடியில் படிந்த களிமண்ணே இன்று சாம்பல் நிற மேடுகளாகக் காட்சி தருகிறது. அதற்கும் தெற்கே ஓர்சியா பள்ளத்தாக்கு பரந்துள்ளது. சியெனாவின் பழைய நகர்ப்பகுதியை 1995-இலும் ஓர்சியா பள்ளத்தாக்கை 2004-இலும் யுனெசுகோ உலக மரபுக் களங்களாக அறிவித்தது.

இங்கு உயர்ந்த மலைகள் குறைவு; ஆனால் சமதளமும் குறைவு. ஒரு குன்றின் மேல் ஊர், அடுத்த குன்றின் மேல் பண்ணை, இடையில் ஓடை என்பதே நில அமைப்பு. ஆகவே சாலை ஏறுவதும் இறங்குவதுமாகவே செல்லும்.

பாதி வாரமும் பண்ணை வீடுகளும்

இச்சாலைகள் விளையாட்டுக்காக அமைக்கப்பட்டவை அல்ல. தொசுக்கானாவில் பல நூற்றாண்டுகள் 'மெத்சாத்ரியா' என்ற வாரமுறை நிலவியது. நிலவுடைமையாளர் நிலத்தையும் வீட்டையும் தருவார்; குடியானவர் குடும்பம் உழைக்கும்; விளைச்சலை இருவரும் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொள்வர். உழவர் குடும்பம் ஊரில் அல்லாமல், தான் உழும் நிலத்தின் நடுவிலேயே குடியிருந்தது. எனவே குன்றுக்குக் குன்று தனித்தனிப் பண்ணை வீடுகள் தோன்றின. அவற்றை ஊருடனும் ஆலையுடனும் தேவாலயத்துடனும் இணைத்தவை மாட்டுவண்டிகள் சென்ற இச்சரளைப் பாதைகளே.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் தொழிற்சாலை வேலையைத் தேடி மக்கள் நகரங்களுக்குச் சென்றனர். 1964-ஆம் ஆண்டுச் சட்டம் புதிய வார ஒப்பந்தங்களைத் தடை செய்தது. பண்ணை வீடுகள் வெறிச்சோடின. அக்காலத்தில் நாடெங்கும் சாலைகளுக்குத் தார் போடப்பட்டது. புழுதியிலும் சேற்றிலும் அன்றாடம் நடமாடிய குடும்பங்களுக்குத் தார்ச்சாலை ஒரு நியாயமான தேவையாகவே இருந்தது. ஆனால் பல பாதைகளில் செல்வதற்கு ஆளே இல்லாமற் போனதால் அவை தார் காணாமல் தப்பின. வறுமையும் வெளியேற்றமும் விட்டுச்சென்ற மிச்சமே இன்று அழகாகப் போற்றப்படுகிறது என்பதை இச்சாலைகளின் வரலாற்றில் மறக்க இயலாது.

எரோயிகா

கியாந்திப் பகுதியைச் சேர்ந்த சான்கார்லோ புரோச்சி, பழைய மிதிவண்டிப் பந்தயங்களின் மீது பற்றுக் கொண்டவர். தார் போடாத சாலைகளில் ஓட்டிய முற்கால வீரர்களின் உழைப்பை நினைவூட்டவும், எஞ்சியிருந்த வெள்ளைச் சாலைகளைக் காக்கவும் அவர் 1997-இல் கையோலே என்ற சிற்றூரில் 'எரோயிகா' என்ற நிகழ்வைத் தொடங்கினார். இச்சொல்லுக்கு 'வீரமிக்கது' என்பது பொருள். முதல் ஆண்டில் கலந்துகொண்டோர் 92 பேர். பின்னர் அக்டோபர் மாதந்தோறும் பல நாடுகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வரும் நிகழ்வாக அது வளர்ந்தது.

இது பந்தயம் அன்று. முதலிடம், பரிசு எதுவும் இல்லை. 1987-க்கு முந்தைய வகைச் சாலை மிதிவண்டிகளே அனுமதிக்கப்படும். கியர் நெம்புகோல் சட்டத்தின் கீழ்க்குழாயில் இருக்க வேண்டும். பிரேக் கம்பி கைப்பிடிக்கு வெளியே தெரிய வேண்டும். பெடலில் பாதத்தைப் பிடிக்கும் வாரும் கூடும் இருக்க வேண்டும். ஓட்டுபவர்கள் பழைய பாணிக் கம்பளிச் சட்டைகளை அணிகின்றனர். நீண்ட பாதையின் நீளம் 209 கி.மீ. அதில் வழிகாட்டிப் பலகைகள் நிரந்தரமாக நடப்பட்டுள்ளதால், ஆண்டின் எந்த நாளிலும் எவரும் தாமாகவே ஓட்டிப் பார்க்கலாம்.

பாதையோர வரலாறு

கையோலேயிலிருந்து புறப்படுவோர் முதலில் காணும் பெரிய சின்னம் புரோலியோ கோட்டை. பன்னிரண்டாம் நூற்றாண்டு முதல் ரிக்காசோலி குடும்பத்தின் உடைமை இது. ஒன்றுபட்ட இத்தாலியின் இரண்டாவது தலைமை அமைச்சரான பெத்தினோ ரிக்காசோலி இக்குடும்பத்தவர். கியாந்தி திராட்சை மதுவுக்கான கலவை விகிதத்தை வகுத்தவரும் அவரே.

கியாந்தி நெடுங்காலம் புளோரன்சுக்கும் சியெனாவுக்கும் இடைப்பட்ட எல்லைப் பகுதியாக இருந்தது. எல்லையை வரையறுக்க, சேவல் கூவியதும் இரு நகரங்களிலிருந்தும் ஒவ்வொரு குதிரைவீரன் புறப்பட வேண்டும் என்றும், சந்திக்கும் இடமே எல்லை என்றும் முடிவானதாக ஒரு கதை வழங்குகிறது. புளோரன்சினர் பட்டினி போட்டிருந்த கறுப்புச் சேவல் விடியுமுன்பே கூவிவிட்டதாம். அவர்களின் வீரன் சியெனாவின் அருகே வரை வந்துவிட்டானாம். கறுப்புச் சேவல் இன்றும் கியாந்தியின் சின்னம்.

உண்மை வரலாறு அவ்வளவு மென்மையானது அன்று. 1260 செப்டம்பர் 4-இல் சியெனாவுக்குக் கிழக்கே மொந்தாபெர்தியில் நடந்த போரில் சியெனா புளோரன்சைத் தோற்கடித்தது. அப்படுகொலையைத் தாந்தே தம் காவியத்தில் குறிப்பிடுகிறார். தெற்கே புவோன்கொன்வெந்தோ என்ற மதில் சூழ்ந்த ஊரில் 1313-இல் பேரரசர் ஏழாம் என்றி இறந்தார். கேண்டர்பரியிலிருந்து உரோமுக்குச் சென்ற 'பிரான்சிசேனா' யாத்திரைப் பாதையும் இப்பகுதி வழியாகவே செல்கிறது. நீண்ட முற்றுகைக்குப் பின் 1555-இல் சியெனா வீழ்ந்தபோது, அதன் குடியரசினர் ஒரு பகுதியினர் மொந்தால்சீனோ குன்றூருக்குப் பின்வாங்கி 1559 வரை தாக்குப்பிடித்தனர். அவ்வூரின் பதினான்காம் நூற்றாண்டுக் கோட்டை இன்றும் நிற்கிறது.

தொழில்முறைப் பந்தயம்

எரோயிகாவின் புகழால் 2007 அக்டோபரில் தொழில்முறை வீரர்களுக்கான பந்தயம் தொடங்கப்பட்டது. உருசியாவின் அலெக்சாந்தர் கொலோப்னெவ் முதல் வெற்றியாளர். மறு ஆண்டு முதல் இது மார்ச் மாதத்துக்கு மாறியது. பின்னர் 'ஸ்த்ராதே பியாங்கே' என்ற பெயரையே பெற்றது. பெண்களுக்கான பந்தயம் 2015-இல் தொடங்கியது. அதில் அமெரிக்காவின் மேகன் கார்னியர் வென்றார். சுவிட்சர்லாந்தின் பாபியன் கன்செல்லாரா 2008, 2012, 2016 ஆகிய ஆண்டுகளில் மூன்று முறை வென்றதால், 11.5 கி.மீ. நீளமுள்ள மோந்தே சாந்தே மாரியே சரளைப் பகுதிக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 2010-இல் இத்தாலியச் சுற்றுப் பந்தயத்தின் ஒரு கட்டம் மழையில் இச்சாலைகள் வழியாக மொந்தால்சீனோவை அடைந்தது. சேறு பூசிய முகத்துடன் ஆஸ்திரேலியாவின் கேடல் எவான்சு அதில் வென்றார். 2024-இல் ஆண்களுக்கான பாதை 215 கி.மீ. ஆக நீட்டிக்கப்பட்டது.

2016 முதல் இப்பந்தயம் சியெனாவிலேயே தொடங்கி அங்கேயே முடிகிறது. இறுதியில் வீரர்கள் கோட்டை வாயில் வழியாக நுழைந்து, 16 விழுக்காடு வரை சரிவுள்ள சாந்தா கத்தரீனா தெருவில் ஏறி, சிப்பி வடிவிலான கம்போ சதுக்கத்தை அடைவர்.

சாலையும் நல்லாட்சியும்

பந்தயம் முடியும் சதுக்கத்தில் நகர மன்ற மாளிகை உள்ளது. அதன் உள்ளே அம்ப்ரோசியோ லொரென்செத்தி 1338-39-இல் தீட்டிய சுவரோவியங்கள் இருக்கின்றன. நல்லாட்சி நாட்டுப்புறத்தில் தரும் பயன்களைக் காட்டும் ஓவியத்தில், நகர வாயிலிலிருந்து ஒரு சாலை குன்றுகளுக்குள் இறங்குகிறது. அதில் குதிரையில் செல்வோரும் சுமை கொண்டுவருவோரும் உள்ளனர்; வயலில் உழவர்கள் வேலை செய்கின்றனர்; மேலே 'பாதுகாப்பு' என்னும் உருவம் மிதக்கிறது. அக்காலச் சியெனாவினர் ஆட்சியின் தரத்தை அளந்த கோல்களுள் ஒன்று, எவரும் அச்சமின்றிச் செல்லக்கூடிய சாலை.

தார் போடுவதே ஒரு சாலைக்குச் செய்யும் நன்மை என்று கருதப்பட்ட காலத்தில், போடாமல் விடுவதும் ஒரு பேணல் என்பதை எரோயிகா எடுத்துக்காட்டியது. ஒரு காலத்தில் விளைச்சலில் பாதியை ஏற்றிச் சென்ற வண்டிப்பாதைகள், இன்று ஓட்டவரும் விருந்தினர்களால் அப்பகுதிக்கு வருவாய் தருகின்றன. பயன்பாடு மாறியது; பாதை மாறவில்லை.