பிசினில் தங்கிய மருந்து: சர்ப்பகந்தா வேரின் ஆய்வு வரலாறு

பீகார் சிற்றூர்களில் ஒரு செடியின் வேரைப் 'பாகல் கி தவா' என்பார்கள். பைத்தியத்துக்கு மருந்து என்று பொருள். பாம்புக்கடிக்கும் தூக்கமின்மைக்கும் அதே வேரைத்தான் கொடுத்தார்கள். அலரிக் குடும்பத்தைச் சேர்ந்த அந்தக் குறுஞ்செடிதான் சர்ப்பகந்தா. தமிழில் சிவன் அமல்பொடி என்றும் வழங்குவர். அந்தப் பட்டப்பெயர் எவ்வளவு பொருத்தமானது என்பதை வேதியியல் கண்டறிய இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்தத் தாமதத்தின் காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1931ஆம் ஆண்டில் இரண்டு தனித்தனி முயற்சிகள் நடந்தன. கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் மனநோய்க்கும் உயர் இரத்த அழுத்தத்துக்கும் இந்த வேர் பயன்படுவதை எழுதினார்கள். டெல்லி திப்பியா கல்லூரியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கியும் ரஃபத் ஹுசைன் சித்திக்கியும் வேரிலிருந்து ஐந்து ஆல்கலாய்டுகளை, அதாவது காரத்தன்மை கொண்ட தாவர வேதிப்பொருள்களை, பிரித்தெடுத்தார்கள். அவற்றுள் ஒன்றுக்கு ஹக்கீம் அஜ்மல் கானின் நினைவாக அஜ்மலின் என்று பெயர் வைத்தார்கள். யுனானி மருத்துவரான அவர்தான் இந்த ஆய்வைத் தூண்டியவர். முடிவு வெளிவந்தபோது அவர் உயிருடன் இல்லை.

ஆனால் பிரித்தெடுத்த அந்த ஐந்திலும் மனத்தை அமைதிப்படுத்தும் பொருள் இல்லை. காரணம் எளியது. அக்கால வேதியியலாளர்கள் படிகமாக உறைபவற்றைத் தேடினார்கள். வலுவான காரத்தன்மை கொண்ட ஆல்கலாய்டுகள் எளிதில் படிகமாயின. காரத்தன்மை குறைந்த முக்கியப் பொருளோ எண்ணெய்ப் பிசின் பகுதியிலேயே தங்கிவிட்டது. இந்தப் பிசினுக்கு உறக்கம் தரும் ஆற்றல் உண்டு என்பதை இந்திய ஆய்வாளர்கள் 1940களிலேயே கவனித்திருந்தார்கள். இவர்களுடைய பங்கு இன்றுவரை போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் கருத்து.

1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல், உயர் இரத்த அழுத்த நோயாளிகள் 50 பேரிடம் இந்த வேரைச் சோதித்த முடிவைப் பிரிட்டனின் இதயவியல் இதழில் வெளியிட்டார். உலகம் திரும்பிப் பார்த்தது அப்போதுதான். 1952இல் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில், சீபா மருந்து நிறுவனத்தின் முல்லர், ஷ்லிட்லர், பைன் ஆகிய மூவரும் அந்தப் பிசின் பகுதியிலிருந்தே அந்த முக்கியப் பொருளான ரெசர்பினைப் பிரித்தார்கள். 1956இல் வேதியியலாளர் ராபர்ட் உட்வர்ட் அதை ஆய்வகத்தில் முழுமையாகத் தொகுத்துக் காட்டினார்.

ரெசர்பின் வேலை செய்யும் விதம் தெரிந்தபோது நரம்பியலே மாறியது. நரம்பு முனைகளில் நார்அட்ரினலின், டோபமின், செரட்டோனின் ஆகியவை நுண்ணிய பைகளில் சேமிக்கப்படுகின்றன. ரெசர்பின் அந்தச் சேமிப்பைத் தடுக்கிறது, இருப்பு வற்றிவிடுகிறது. இரத்தக் குழாய்கள் தளர்கின்றன, மனம் அடங்குகிறது. ஸ்வீடனின் ஆர்விட் கார்ல்சன் ரெசர்பின் கொடுத்து முயல்களை அசைவற்றவையாக்கினார். உடலில் டோபமினாக மாறும் எல்-டோபாவைச் செலுத்தியதும் அவை மீண்டும் நடமாடின. பார்கின்சன் நோய்க்கான சிகிச்சை இந்தச் சோதனையின் வழியில் வளர்ந்தது. அவருக்கு 2000ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது.

அதே செயல்முறைதான் இம்மருந்தின் தீமைக்கும் காரணம். அதிக அளவில் உட்கொண்ட சிலருக்கு மனச்சோர்வு, மூக்கடைப்பு, இதயத்துடிப்புக் குறைவு ஆகியவை ஏற்பட்டன. புதிய மருந்துகள் வந்ததும் ரெசர்பின் பின்னுக்குப் போயிற்று. மனத்துக்கு உதவாத அஜ்மலினோ இன்றும் இதயநோய்ப் பிரிவுகளில் இருக்கிறது. புருகாடா நோய்க்குறி என்னும் இதயத்துடிப்புக் கோளாறைக் கண்டறியும் சோதனைக்கு அதைச் செலுத்துகிறார்கள்.

உலர்ந்த வேரில் மொத்த ஆல்கலாய்டுகள் சுமார் 2 விழுக்காடுதான்; ரெசர்பின் அதில் மிகச் சிறு பங்கு. அதுவும் பெரும்பாலும் வேர்ப்பட்டையில் இருப்பதால், வேரைப் பறிப்பவர் செடியையே பறிக்கிறார். காட்டிலிருந்து அளவின்றி அள்ளியதால் சர்ப்பகந்தா அருகிப்போனது. இன்று அதன் பன்னாட்டு வணிகம் அருகிவரும் உயிரினங்களின் வணிகம் பற்றிய சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. மருந்து ஆலைகளும் ஆப்பிரிக்க இனமான ராவோல்ஃபியா வோமிட்டோரியாவின் பக்கம் திரும்பின.

வேரின் சக்தி செடிக்குச் செடி, மண்ணுக்கு மண் மாறும். ஆகவே இதன் பொடியை அளவறியாமல் வீட்டில் உட்கொள்ள வேண்டாம். இரத்த அழுத்த மாத்திரையோ மனச்சோர்வு மருந்தோ எடுப்பவர்கள் தொடவே வேண்டாம். வளர்க்க விரும்புவோர் காட்டில் பிடுங்காமல், நாற்றங்காலில் விதைத்து வளர்த்த கன்றை வாங்கி நடுங்கள்.