காட்சியை நிறுத்தும் அதிகாரம்: திரைப்படத் தளங்களில் ஆயுதம், விபத்து, தனிமனிதப் பொறுப்பு

ஆய்வுச் சுருக்கம்

படப்பிடிப்புத் தளத்தில் துப்பாக்கியாலோ பிற கருவிகளாலோ உயிரிழப்பு நேரும்போது பொறுப்பு பலர் கைகளுக்கிடையே சிதறிப்போகிறது. நாடகக் குழு, ஸ்டுடியோ, வெளிப்புறப் படப்பிடிப்பு ஆகிய மூன்று அமைப்புகளின் வழியே இச்சிதறல் உருவான விதத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. இந்தியக் குற்றவியல் சட்டம் உடனடிக் காரணத்தை மட்டும் தேடுவதால் நேரும் இடைவெளியைச் சுட்டி, காட்சியை நிறுத்தும் அதிகாரமே பொறுப்பின் அளவுகோலாக அமைய வேண்டும் என வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: தமிழ்த் திரைப்பட வரலாறு, படப்பிடிப்பு விபத்து, துப்பாக்கிப் பாதுகாப்பு, கவனக்குறைவு, தனிமனிதப் பொறுப்பு.

முன்னுரை

மதுரை வட்டாரக் கோயில் திருவிழாக்களில் அதிர்வேட்டுப் போடுபவர் இரும்புக் குழலில் மருந்தைத் தாமே கெட்டிக்கிறார். தாமே திரி வைக்கிறார். நெருங்கி வரும் சிறுவர்களையும் தாமே விரட்டுகிறார். நிரப்புதல், சரிபார்த்தல், வெடித்தல் ஆகிய மூன்று செயல்களும் ஒரே மனிதரிடம் தங்கியுள்ளமையால், தவறு நேர்ந்தால் கேட்க வேண்டியவர் யார் என்பதில் ஐயம் எழுவதில்லை. திரைப்படத் தளத்தில் இம்மூன்றும் வெவ்வேறு கைகளுக்குரியன. துப்பாக்கியைக் கொண்டுவருபவர் ஒருவர். அது பாதுகாப்பானது என அறிவிப்பவர் மற்றொருவர். விசையை அழுத்துபவர் மூன்றாமவர். ‘ஆக்‌ஷன்’ என்று குரல் கொடுப்பவர் நான்காமவர். இப்பிரிவினை தொழிலின் இயல்பு. எனினும் வேலை பிரிந்தபோது பொறுப்பு எவ்வாறு பிரிந்தது என்பது தமிழ்த் திரைப்பட வரலாற்றாய்வில் போதிய கவனம் பெறவில்லை.

மேடையிலிருந்து ஸ்டுடியோவுக்கு

தமிழ்த் திரையின் முதல் தலைமுறை நடிகர்கள் பலர் மதுரையை மையமாகக் கொண்ட நாடகக் குழுக்களிலிருந்து வந்தவர்கள். 1918-இல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் நிறுவிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை இம்மரபின் முக்கியப் படிநிலை. பாலர் நாடகக் குழுக்களில் வாத்தியாரின் சொல்லே சட்டம். சிறுவர்களுக்கு உரிமை என்று எதுவும் பெரிதாக இல்லை, தண்டனைகளும் கடுமையானவை. ஆயினும் மேடையில் வாள் சுழன்றாலும் தீப்பந்தம் ஏந்தப்பட்டாலும் அதற்கு விடை சொல்ல வேண்டியவர் யார் என்பது தெளிவாக இருந்தது.

சோழவந்தானை அடுத்த தென்கரையைச் சேர்ந்த டி. ஆர். மகாலிங்கத்தின் வாழ்க்கை அடுத்த கட்ட மாற்றத்தைக் காட்டுகிறது. இளமையிலேயே மேடையேறிய அவர் 1938-இல் ‘நந்தகுமார்’ வழியாகத் திரைக்கு வந்தார். 1947-இல் அவர் நடித்த ‘நாம் இருவர்’ காரைக்குடியில் ஏவி. எம். அமைத்திருந்த ஸ்டுடியோவில் உருவானது. பின்னர் அவரே சுகுமார் புரொடக்‌ஷன்ஸ் என்னும் பெயரில் படத்தயாரிப்பில் இறங்கினார். நாடகக் குழுவின் வாத்தியார் வகித்த இடம் ஸ்டுடியோவில் முதலாளிக்கும் துறைத் தலைவர்களுக்கும் பிரிந்து சென்றது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் போன்ற நிறுவனங்களில் ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, அரங்க அமைப்பு ஆகியவை ஒரே வளாகத்துக்குள் இயங்கின. மாதச் சம்பளம் பெறும் பணியாளர், நிலையான தளம், பழகிய கருவி ஆகியவை ஸ்டுடியோ முறையின் அடையாளங்கள்.

இக்காலத்தைப் பாதுகாப்பின் பொற்காலமாகக் கருதுவதற்கில்லை. 1989 பிப்ரவரி 8 அன்று மைசூரு பிரீமியர் ஸ்டுடியோவில் ‘தி சுவார்டு ஆஃப் திப்பு சுல்தான்’ தொலைக்காட்சித் தொடரின் படப்பிடிப்பின்போது மூண்ட தீயில் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மூடிய அரங்கமும் ஆபத்தானதே. வேறுபாடு ஒன்றுதான்: ஸ்டுடியோவில் விபத்து நேர்ந்தால் பொறுப்பைத் தேடிச் செல்ல ஒரு முகவரி இருந்தது.

வெளிப்புறப் படப்பிடிப்பும் துப்பாக்கியும்

1970-களின் தொடக்கத்தில் எம். கர்ணனின் ‘காலம் வெல்லும்’, ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ ஆகிய படங்கள் குதிரையையும் துப்பாக்கியையும் திறந்தவெளிக்குக் கொண்டுவந்தன. 1977-இல் வெளிவந்த ‘16 வயதினிலே’ படத்துக்குப் பின் கதைகளும் படக்கருவிகளும் கோடம்பாக்கத்தை விட்டுச் சிற்றூர்களுக்குப் பரவலாகப் பெயர்ந்தன. தளம் ஒவ்வொரு நாளும் மாறியது. கருவிகள் வாடகைக்கு வந்தன. பணியாளர் நாட்கூலிக்கும் பேட்டாவுக்கும் வந்தனர். வேடிக்கை பார்க்கும் ஊர்மக்களும் தளத்தின் ஒரு பகுதியாயினர்.

இந்தியத் தளங்களில் பெரும்பாலும் டம்மி துப்பாக்கிகளே பயன்படுகின்றன. ஆனால் ‘டம்மி’ என்னும் சொல்லே ஒரு மயக்கத்தை உண்டாக்குகிறது. வெற்றுத் தோட்டாவில் குண்டு இல்லை, மருந்து உண்டு. போலித் தோட்டாவில் மருந்து இல்லை, குண்டு உண்டு. இரண்டும் தனித்தனியே அபாயம் குறைந்தவை. ஒன்றையடுத்து ஒன்று ஒரே குழலில் சேரும்போது கொல்லும். 1993 மார்ச் 31 அன்று அமெரிக்காவில் ‘தி குரோ’ படப்பிடிப்பில் நடிகர் பிராண்டன் லீ இறந்தது இவ்வாறே: போலித் தோட்டாவிலிருந்து கழன்று குழலில் சிக்கியிருந்த குண்டை, பின்னர் இடப்பட்ட வெற்றுத் தோட்டாவின் மருந்து வெளியே தள்ளியது. 1984-இல் நடிகர் ஜான் எரிக் ஹெக்சம் வெற்றுத் தோட்டா இருந்த துப்பாக்கியை விளையாட்டாகத் தம் தலையில் வைத்துச் சுட்டுக்கொண்டார். வெடிப்பின் அழுத்தமே அவர் உயிரைப் பறித்தது.

2021 அக்டோபர் 21 அன்று நியூ மெக்சிகோவில் ‘ரஸ்ட்’ படத்தளத்தில் நடிகர் அலெக் பால்ட்வின் கையிலிருந்த துப்பாக்கி வெடித்து ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் இறந்தார், இயக்குநர் காயமுற்றார். அதில் இருந்தது உண்மையான தோட்டா. துப்பாக்கி பாதுகாப்பானது என அறிவித்த உதவி இயக்குநர் வழக்கை எதிர்த்து வாதிடாது நன்னடத்தைக் கண்காணிப்பு பெற்றார். ஆயுதப் பொறுப்பாளர் 2024-இல் குற்றவாளியெனத் தீர்ப்பளிக்கப்பட்டு 18 மாதச் சிறை பெற்றார். நடிகர்மீதான வழக்கு, அரசுத் தரப்பு சான்றை வெளிப்படுத்தாமையால் 2024 ஜூலை 12 அன்று தள்ளுபடியானது. விசையிலிருந்த விரலின் பொறுப்பு யாது என்னும் வினாவுக்கு இவ்வழக்கு விடையளிக்கவில்லை.

சட்டம் தேடும் காரணம்

கவனக்குறைவால் மரணம் விளைவித்தல் என்னும் குற்றம் 1870-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 304அ பிரிவாகச் சேர்க்கப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 106(1) பிரிவு. உச்சத் தண்டனை 2 ஆண்டிலிருந்து 5 ஆண்டாக உயர்ந்துள்ளது. விபத்தை மன்னிக்கும் பழைய 80-ஆம் பிரிவுக்குச் சட்டமே தரும் எடுத்துக்காட்டு இங்கு நினைக்கத்தக்கது. ஒருவர் கோடரியால் வேலை செய்கையில் அதன் தலை கழன்று பறந்து அருகே நின்றவரைக் கொல்கிறது. உரிய எச்சரிக்கையில் குறை இல்லையெனில் அது குற்றமன்று. அவ்வாறாயின் கோடரியின் பிடி உறுதியாக உள்ளதா எனப் பார்ப்பது அதை ஓங்குபவரின் கடமை என்றாகிறது. ஆனால் அவ்வெடுத்துக்காட்டில் கோடரியைச் செப்பனிட்டுக் கொடுத்த இரண்டாமவர் இல்லை.

அந்த இரண்டாமவர் வரும்போது சட்டம் தடுமாறுகிறது. பம்பாய் வண்ணப்பூச்சுத் தொழிற்சாலைத் தீ விபத்து தொடர்பான குர்பான் உசேன் ரங்வாலா வழக்கில், மரணம் குற்றஞ்சாட்டப்பட்டவரின் கவனக்குறைவினுடைய நேரடி விளைவாக இருத்தல் வேண்டும் எனக் கூறிய உச்ச நீதிமன்றம், தொழிற்சாலைப் பொறுப்பாளரை 304அ பிரிவிலிருந்து விடுவித்தது. நஞ்சேறிய குளுக்கோசு மருந்து தொடர்பான அம்பாலால் பட் வழக்கில் (1972) தவறுகள் பலர் கைகளில் சங்கிலியாகத் தொடர்ந்தமையால் அவற்றுள் ஒருவரை மட்டும் தண்டிக்க இயலவில்லை. நிரபராதி தண்டிக்கப்படலாகாது என்னும் நோக்கில் இந்நிலைப்பாடு நியாயமானதே. ஆனால் பல கைகள் இணைந்து இயங்கும் படத்தளத்தில் இதன் விளைவு வேறு: சங்கிலி நீளும்தோறும் ஒவ்வொரு கண்ணியும் விடுதலை பெறுவது எளிதாகிறது.

தமிழக நிகழ்வுகள்

1980 நவம்பர் 16 அன்று சென்னையை அடுத்த சோழவரத்தில் ‘கோளிளக்கம்’ மலையாளப் படத்தின் ஹெலிகாப்டர் காட்சியில் நடிகர் ஜெயன் இறந்தார். எடுத்த காட்சி போதும் என்றிருந்த நிலையில் அவரே மீண்டும் எடுக்கக் கேட்டார் எனப் பரவலாகப் பதிவாகியுள்ளது. நட்சத்திரத்தின் விருப்பத்தை மறுக்கும் அதிகாரம் தளத்தில் யாருக்கு இருந்தது என்பதே இங்கு எழும் வினா.

2020 பிப்ரவரி 19 அன்று பூந்தமல்லியை அடுத்த ஈ.வி.பி. பிலிம் சிட்டியில் ‘இந்தியன் 2’ தளத்தில் விளக்குகளைத் தாங்கிய கிரேன் சாய்ந்து, உதவி இயக்குநர் ஒருவர் உட்பட 3 பணியாளர்கள் உயிரிழந்தனர். இதனைத் தொடர்ந்து நாயகன் கமல்ஹாசனுக்கும் லைக்கா நிறுவனத்துக்கும் இடையே நிகழ்ந்த கடிதப் போக்குவரத்து வரலாற்று ஆவணமாகும். பணியாளர் பாதுகாப்பையும் காப்பீட்டையும் தயாரிப்பு நிறுவனம் உறுதிசெய்ய வேண்டும் என்றது ஒரு கடிதம். பொறுப்பு கூட்டானது, அதில் நாயகனுக்கும் இயக்குநருக்கும் பங்குண்டு என்றது மறுகடிதம். இரு கடிதங்களிலும் உண்மை உண்டு. ஆனால் அன்றிரவு அந்த வேலையை நிறுத்தக்கூடியவர் யார் என்பது இரண்டிலும் பேசப்படவில்லை. ஆகஸ்டில் நிறுவனம், இயக்குநர், நாயகன் ஆகியோர் சார்பில் மொத்தம் 4 கோடி ரூபாய் வழங்கப்பட்டது. அது குடும்பங்களுக்குப் பெருந்துணை. எனினும் 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம் காட்டுவதுபோல, இழப்பீடு என்பது தவறு யாருடையது எனக் கேளாமலே தரப்படக்கூடியது. தொகை வழங்கப்பட்டதும் தவறு பற்றிய விசாரணையில் பொதுக்கவனம் தளர்ந்துவிடுகிறது.

2025 ஜூலை 13 அன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில் ‘வேட்டுவம்’ படத்தின் கார்க் காட்சியில் அனுபவமிக்க சண்டைக் கலைஞர் ஒருவர் இறந்தார். இயக்குநர் உள்ளிட்டோர்மீது வழக்குப் பதிவாயிற்று. மேற்கண்ட தீர்ப்புகளின் வெளிச்சத்தில் இத்தகைய வழக்குகளில் பொறுப்பை ஒருவரிடம் நிறுவுதல் எளிதன்று.

நிறுத்தும் அதிகாரம்

‘அபாயம் தெரிந்துதானே ஒப்புக்கொண்டார்’ என்பது சண்டைக் கலைஞரைப் பற்றி அடிக்கடி எழும் வாதம். நாட்கூலி பெறுபவர் ஒருமுறை ‘முடியாது’ என்றால் மறுமுறை அழைப்பு வராமற்போகலாம். அவரது சம்மதத்தை முழு விடுதலையோடு தரப்பட்டதாகக் கொள்ள இயலாது. மறுபுறம், நடிகரும் இயக்குநரும் ஆயுத வல்லுநர் அல்லர் என்பதும் மெய். எனவே அறிவை மட்டுமோ, இறுதியாகக் கருவியைத் தொட்ட கையை மட்டுமோ அளவுகோலாகக் கொள்வது போதாது. காட்சியை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு எவ்வளவு உண்டோ, அவருக்கு அவ்வளவு பொறுப்பு என்பதே தளத்தின் உண்மை நிலைக்குப் பொருந்துகிறது. வல்லுநர் அல்லாத நடிகரும் ‘குழலைத் திறந்து காட்டுங்கள்’ எனக் கேட்கலாம். அவருக்காகத் தளம் காத்திருக்கும். கலைப் பிரிவு உதவியாளருக்காகக் காத்திருக்காது.

1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டத்தின் முதன்மைக் கவலை ஆயுதத்தை வைத்திருப்பவர் பற்றியது. 1981-ஆம் ஆண்டின் திரைத்தொழிலாளர் சட்டம் எழுத்துவழி ஒப்பந்தத்தை வலியுறுத்தியது. கூலிக்கும் காலத்துக்கும் எழுத்து உண்டெனில், அபாயக் காட்சிக்கும் எழுத்து இருத்தல் தகும்: கருவியைச் சோதித்தவர், சோதனையை நேரில் பார்த்தவர், காட்சிக்கு அனுமதி தந்தவர் ஆகிய மூவரின் ஒப்பமும் நேரமும் கொண்ட தளப் பதிவேடு. அது சங்கிலியின் ஒவ்வொரு கண்ணிக்கும் பெயர் தரும். மறுத்தவர் பெயரும் அதில் பதிவாகுமெனின், மறுப்பு கீழ்ப்படியாமையாகக் கருதப்படாது.

முடிவுரை

வாத்தியாரிடம் குவிந்திருந்த பொறுப்பு ஸ்டுடியோவில் துறைகளுக்குப் பகிர்ந்து, வெளிப்புறத் தளத்தில் ஒப்பந்தங்களுக்கிடையே சிதறியது. அதிகாரம் அவ்வாறு சிதறவில்லை. அது இன்றும் சிலரிடமே உள்ளது. அதிகாரம் குவிந்தும் பொறுப்பு சிதறியும் கிடக்கும் இந்நிலையே மேற்கண்ட உயிரிழப்புகளுக்குப் பொதுவான பின்புலம். இறந்தோரில் பலர் உதவியாளர்களும் சண்டைக் கலைஞர்களுமாவர். படத்தின் வரலாறு எழுதப்படும்போது பெரும்பாலும் விடுபடும் பெயர்கள் அவர்களுடையவை. தமிழ்த் திரைப்பட வரலாற்றாய்வு தளத்தின் உழைப்பையும் அபாயத்தையும் தன் தரவுகளாக ஏற்கும்போது அவ்விடுபடலின் ஒரு பகுதியேனும் நிரப்பப்படும்.