பிரகாரத்தின் வயது



இராமேஸ்வரம் கோயிலின் மூன்றாம் பிரகாரத்துக்கு வயது என்ன என்று கேட்டால், நம்மில் பலர் யோசிக்காமல் "ஆயிரக்கணக்கான ஆண்டுகள்" என்போம். தலத்தின் பழமை வேறு, கட்டடத்தின் வயது வேறு. சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம்தான் இது. ஆனால் இன்று நாம் சுற்றிவரும் அந்த நீண்ட பிரகாரம் 18ஆம் நூற்றாண்டில் நிறைவடைந்தது. தாஜ்மகாலைவிட நூறு ஆண்டுகளுக்கு மேல் இளையது!

இந்தக் கோயில் ஒருவர் கட்டியதல்ல. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலங்கையை ஆண்ட நிசங்கமல்லன், இராமேஸ்வரத்தில் நிசங்கேஸ்வரம் என்ற கோயிலை எழுப்பியதாகத் தம்புள்ளைக் கல்வெட்டில் பொறித்திருக்கிறான். பின்னர் சேதுபதிகள் தலைமுறை தலைமுறையாகக் கோயிலை விரித்துக்கொண்டே போனார்கள். 17ஆம் நூற்றாண்டில் திருமலை சேதுபதி இரண்டாம் பிரகாரத்தில் திருப்பணி செய்தார். மூன்றாம் பிரகாரம் முத்துராமலிங்க சேதுபதி காலத்தில் முடிந்தது. கிழக்கு ராஜகோபுரமோ நெடுங்காலம் அரைகுறையாக நின்றது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தேவகோட்டை ஜமீன் குடும்பத்தார்தான் அதை 126 அடி உயரத்துக்கு எழுப்பி முடித்தார்கள்.

நம் தீவில் இருப்பது மணலும் பவளப்பாறையும்தான். பாம்பன் ரயில் பாலம் வந்ததே 1914இல். அப்படியானால் இத்தனை தூண்களுக்கும் வேண்டிய கல் எப்படி வந்திருக்கும்? கடல் தாண்டித்தான் வந்திருக்க வேண்டும்.

ஸ்காட்லாந்து அறிஞர் ஜேம்ஸ் பெர்குசன் 1876இல் வெளியிட்ட கட்டடக்கலை நூலில் ஓர் ஒப்பீடு செய்கிறார். இங்கிலாந்தின் பேராலயங்களில் எதுவும் 500 அடி நீளத்தைத் தாண்டாது, ரோமின் புனித பேதுரு பேராலயமே 600 அடிதான், இந்தப் பிரகாரமோ 700 அடி என்கிறார்.

முத்துராமலிங்கர் குழந்தையாகப் பட்டம் ஏறியவர். 1772இல் நவாபும் கம்பெனியும் அவரைச் சிறைபிடித்தனர். 1781இல் மீண்டும் அரியணை ஏறினார். 1795இல் கம்பெனி அவர் ஆட்சியைப் பறித்தது. 1809இல் சென்னையில் கைதியாகவே இறந்தார்.

"ஆயிரக்கணக்கான ஆண்டுகள்" என்று ஒரே வரியில் சொல்லி முடித்தால், கல் ஏற்றிவந்த தோணிக்காரர், உளி பிடித்த கல்தச்சர், சிறையில் மாண்ட சேதுபதி எல்லோரும் மறைந்துபோகிறார்கள். உண்மையான வயதைச் சொன்னால் கோயிலின் பெருமை குறையாது.

அடுத்த முறை பிள்ளைகளோடு போகும்போது, பிரகாரத்தின் மேற்கு வாயில் அருகே சேதுபதியின் சிலையைக் காட்டி, அவர் பெயரைச் சொல்லிக்கொடுங்கள்.