பென்ஸ் காரின் முதுகில் இருக்கும் எண்



பழைய பென்ஸ் ஒன்றுக்கு விலை பேசிக்கொண்டிருக்கும் என் மாணவர் ஒருவர், "சார், ஒன்றில் 300 இ, இன்னொன்றில் இ 220 என்று இருக்கிறதே, என்ன வித்தியாசம்?" என்று கேட்டிருந்தார். பதில் கொஞ்சம் நீளம் என்பதால் இங்கேயே எழுதுகிறேன்.

அந்தக் காலக் கணக்கு எளிது. எஞ்சின் எத்தனை லிட்டரோ அதை நூறால் பெருக்கினால் டிக்கியில் உள்ள எண் வந்துவிடும். 3 லிட்டர் என்றால் 300. பின்னால் வரும் எழுத்துகள் ஜெர்மன் சொற்களின் சுருக்கம். 'டி' டீசல். 'எல்' என்றால் நீளமான வண்டி. 'இ' என்பது ஐன்ஸ்பிரிட்சுங், அதாவது பெட்ரோலைப் பீய்ச்சி அனுப்பும் இன்ஜெக்‌ஷன் முறை. கார்புரேட்டர் வண்டிக்கு அந்த எழுத்து கிடையாது.

இந்தக் கணக்கு 1968-லேயே இடித்தது. 300 எஸ்இஎல் காரில் 6.3 லிட்டர் எட்டு சிலிண்டர் எஞ்சினை வைத்தார்கள். 630 என்று எழுதவில்லை. '300 எஸ்இஎல் 6.3' என்று இரண்டு எண்களாக எழுதினார்கள். 1982-இல் சிறிய கார் ஒன்று வந்தது. அதில் 2 லிட்டர் எஞ்சின், நியாயப்படி 200. ஆனால் அந்தப் பெயர் பெரிய காரிடம் ஏற்கெனவே இருந்தது. தம்பி அண்ணனுக்குச் சமமாக நிற்கக்கூடாதல்லவா, 190 என்று வைத்துவிட்டார்கள்! எஞ்சினை அளந்த எண், அன்று முதல் அந்தஸ்தை அளந்தது. பிறகு அதிலேயே 2.6 லிட்டர் எஞ்சின் வந்தபோது '190 இ 2.6'.

பிஎம்டபிள்யூ இன்னும் வேடிக்கை. முதல் எண் காரின் வரிசை, அடுத்த இரண்டும் எஞ்சின் அளவு. ஆனால் 745ஐ காரில் இருந்தது 3.2 லிட்டர்தான்; டர்போ இருப்பதால் 1.4-ஆல் பெருக்கி 4.5 ஆக்கிக்கொண்டார்கள். 2.7 லிட்டர் எஞ்சின் கொண்ட ஒரே கார் ஐரோப்பாவில் 525இ, அமெரிக்காவில் 528இ. இரண்டுமே சரியில்லை. (இங்கே 'இ' என்பது ஈட்டா, எஞ்சினின் திறனைக் குறிக்கும் கிரேக்க எழுத்து.)

1993-இல் பென்ஸ் எழுத்தை முன்னால் கொண்டுவந்தது. 300 இ, இ 300 ஆனது. இடம் மாறியதும் பொருளும் மாறியது: இன்ஜெக்‌ஷனைக் குறித்த எழுத்து வகுப்பின் பெயராகிவிட்டது. புனேயில் பென்ஸ் தயாரிப்பு தொடங்கியது 1995-இல். அதனால்தான் நம் ஊரில் இ 220 பழகிய பெயர், 300 இ புதிர்.

தம்பி, டிக்கியில் இருக்கும் எண்ணை யாரும் கழற்றி வேறு ஒட்டலாம். ஜெர்மனியில் எண்ணே வேண்டாம் என்று சொல்லி வாங்கியவர்களும் உண்டு. சிலர் பெரிய எஞ்சினை மறைக்க, சிலர் சின்ன எஞ்சினை மறைக்க. பானெட்டைத் திறந்து சேஸிஸ் நம்பரைப் பார். டபிள்யூடிபி என்பதற்குப் பின் 124030 என்றிருந்தால் அது 300 இ. 201024 என்றிருந்தால் 2 லிட்டர் 190 இ, டிக்கியில் 2.6 என்று ஒட்டியிருந்தாலும் சரி. அதைப் பார்த்துவிட்டு விலை பேசு.