தன்வந்திரி சொல்லாத அம்மைப்பால்

காரைக்காலில் நான் பௌதிகம் கற்பிக்கும் கல்லூரியில் ஒரு நாள் ஒளியியல் வகுப்பு முடிந்ததும் மாணவி ஒருத்தி மேசையருகே வந்து தயங்கி நின்றாள். "சார், ஒரு சந்தேகம். ஆனா பாடத்துல இல்ல" என்றாள். அவளுடைய அக்காள் குழந்தைக்கு ஒன்பது மாதம் நிறைந்துவிட்டது. தட்டம்மைக்குத் தடுப்பூசி போட வேண்டிய பருவம். வீட்டுப் பெரியவர் ஒருவர் வேண்டாம் என்று தடுக்கிறார். நம் முன்னோர் இயற்கை முறையிலேயே உடம்புக்கு எதிர்ப்புச் சக்தியை ஏற்றிக்கொண்டார்கள், கஷாயமும் நெல்லிக்காயும் இருக்கும்போது ஊசி எதற்கு என்பது அவர் கட்சி. அதற்கு மேல் ஒரு சான்றும் காட்டினாராம்: ஜென்னருக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே தன்வந்திரி பசுவின் அம்மைப்பாலைக் கொண்டு அம்மை குத்தும் முறையை எழுதி வைத்திருக்கிறார் என்று.

தன்வந்திரியே அம்மை குத்தச் சொல்லியிருந்தால் குத்திக்கொள்வதுதானே முறை என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன், அவள் சிரித்துவிட்டாள். ஆனால் அந்தச் சான்று உண்மைதானா என்ற கேள்வி என்னை விடவில்லை. நான் மருத்துவன் அல்லேன். எனினும், ஒரு செய்தி எங்கிருந்து புறப்பட்டது என்று அடிச்சுவடு பிடித்துப் பின்னோக்கிச் செல்வது பௌதிகக்காரனுக்கும் பழக்கமான வேலைதான். அவ்வாறு சென்றபோது அந்தச் சுவடு இமயமலைக்கோ காசிக்கோ போகவில்லை. இருநூறு ஆண்டுகளுக்கு முந்திய சென்னைப் பட்டணத்தில் கொண்டு போய் விட்டது.

முதலில் பழைய நூல்களில் மெய்யாகவே உள்ளது யாது என்று பார்ப்போம். சரக சம்ஹிதையில் 'வியாதிக்ஷமத்வம்' என்றொரு சொல் வருகிறது. நோயைத் தாங்கும் திறன் என்று பொருள். எல்லா உடம்புக்கும் இத்திறன் ஒரே அளவில் இராது என்கிறது அந்நூல். மிகப் பருத்தவர், மிக மெலிந்தவர், தசையும் எலும்பும் உறுதியற்றவர், ஒவ்வாத உணவு உண்பவர், குறைவாக உண்பவர், மனவலிமை இல்லாதவர் ஆகியோர் நோய்க்கு எளிதில் ஆட்படுவர் என்று ஒரு பட்டியலே தருகிறது. நுண்ணோக்கி இல்லாத காலத்தில், வெறுங்கண்ணால் நோயாளிகளைப் பார்த்துப் பார்த்து இதைச் சொன்னார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். புரதம் குறைந்த குழந்தையைத் தொற்றுநோய் எளிதில் வீழ்த்துகிறது என்று இன்றைய மருத்துவமும் கூறுகிறது. உடலின் வலுவை 'ஓஜஸ்' என்றார்கள். அதைப் பெருக்க இரசாயன முறைகள் வகுத்தார்கள். நெல்லியும் கடுக்காயும் அவற்றுள் தலையாயவை. பருவத்துக்கேற்ற உணவு, உறக்கம், எண்ணெய் முழுக்கு எல்லாம் இதில் அடங்கும். நம் சித்த மருத்துவத்தின் காயகற்பமும் இதே வழியில் செல்வதே.

அம்மையை அவர்கள் அறியாமல் இல்லை. கொப்புளம் மசூர்ப் பருப்பைப் போல் இருப்பதால் அதற்கு 'மசூரிகை' என்று பெயர். சுசுருதர் இதைச் சிறு நோய்களின் வரிசையில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். பின்னால் வந்த மாதவ நிதானமோ தனி அத்தியாயமே ஒதுக்குகிறது; நோய் கடுமையாகிக் கொண்டே வந்ததற்கு இது அறிகுறி போலும். ஆனால் பசுவின் கொப்புளத்து நீரை எடுத்து மனிதர் கையில் குத்துவது இந்நூல்களில் எங்கும் இல்லை.

குத்தும் பழக்கம் நூலில் இல்லையே தவிர, நாட்டில் இருந்தது. வங்காளத்தில் அதற்கு 'டீக்கா' என்று பெயர். 1767-இல் ஹால்வெல் என்ற ஆங்கிலேயர் இதைக் கண்டு விரிவாக எழுதி வைத்தார். அம்மைப் பருவம் தொடங்கும் முன்பே அந்தணர் சிலர் ஊர் ஊராக வருவார்கள். மீன், பால், நெய் ஆகியவற்றை ஒரு மாதம் விலக்கியிருந்தவர்களுக்கே குத்துவார்கள். முந்திய ஆண்டில் குத்திக்கொண்டவரின் கொப்புளத்திலிருந்து எடுத்துப் பாதுகாத்த சீழைத் தோலைக் கீறி அதில் வைப்பார்கள். பின்பு குளிர்ந்த நீரைத் தலையில் ஊற்றுவார்கள். இலேசான அம்மை கண்டு இறங்கும். அதன்பின் அவருக்கு ஆயுள் முழுவதும் அம்மை வராது.

பத்தியமும் கீறலும் இங்கே கைகோத்து நடந்தன என்பதைக் கவனியுங்கள். வெறும் பத்தியம் மட்டும் போதும் என்று அந்த டீக்காதாரர்கள் எண்ணியிருந்தால் சீழைப் பொத்திப் பொத்தி ஓராண்டு காப்பாற்றியிருக்க மாட்டார்கள். ஆனால் இம்முறையில் ஓர் ஆபத்து உண்டு. உள்ளே போவது மெய்யான பெரியம்மைக் கிருமி. சிலர் இறந்தும் போவார்கள்; குத்திக்கொண்டவரிடமிருந்து அடுத்த வீட்டுக்கு நோய் தொற்றவும் கூடும். 1865-இல் கல்கத்தாவில் இதைச் சட்டத்தால் தடுத்தார்கள்.

தென்னாட்டில் டீக்கா வேரூன்றவில்லை. இங்கே அம்மை கண்டால் வாசலில் வேப்பிலை செருகுவார்கள். வீட்டில் தாளிப்பு இல்லை, வெளியார் வரவு இல்லை. மூன்று முறை தலைக்கு ஊற்றிய பிறகே வீடு பழைய நிலைக்குத் திரும்பும். வெளியார் வரக்கூடாது என்ற கட்டுப்பாடு பல உயிர்களைக் காத்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அது அண்டை வீட்டைக் காக்கும். உள்ளே படுத்திருப்பவரைக் காக்காது.

இனி ஜென்னருக்கு வருவோம். 1796 மே 14-ஆம் நாள் பால்காரப் பெண் ஒருத்தியின் கையிலிருந்த பசு அம்மைக் கொப்புளத்து நீரை எட்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்குக் குத்தினார் அவர். பசு அம்மை மனிதனைக் கொல்லாது. ஆனால் பெரியம்மையிலிருந்து காக்கும். இந்த அம்மைப்பால் இந்தியாவுக்கு வந்து சேர ஆறாண்டுகள் ஆயின. நூலில் தோய்த்து உலர்த்திக் கப்பலில் அனுப்பினால் வெப்பத்தில் வீரியம் போய்விடும். ஆகவே ஒரு குழந்தையின் கையிலிருந்து மற்றொரு குழந்தையின் கைக்கு என்று சங்கிலித் தொடராகப் பாக்தாது, பாஸ்ரா வழியாகக் கொண்டுவந்தார்கள். 1802 ஜூன் 14-இல் பம்பாயில் அன்னா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுப் பெண் குழந்தைக்குக் குத்தியது பலித்தது. அங்கிருந்து கைக்குக் கை மாறிச் சென்னைக்கு வந்தது. அந்நாளில் பிரெஞ்சுக்காரரின் காரைக்காலிலும் ஆங்கிலக் கொடிதான் பறந்துகொண்டிருந்தது. 1793-இல் பிடித்த ஊரை அவர்கள் 1817-இல்தான் திருப்பித் தந்தார்கள்.

மக்கள் இதை எளிதில் ஏற்கவில்லை. யாரோ ஒரு சாதிக் குழந்தையின் கொப்புளத்து நீர் தன் குழந்தை உடம்பில் ஏறுவதா என்ற அருவருப்பு ஒரு புறம். அம்மனின் வருகையைத் தடுக்கலாமா என்ற அச்சம் மறு புறம். இவ்விடத்தில் நம் கதைக்குள் வருகிறார் எல்லிஸ் துரை.

பிரான்சிஸ் ஒயிட் எல்லிஸ் 1810 முதல் சென்னைக் கலெக்டராக இருந்தவர். திராவிட மொழிகளின் தனிக் குடும்பத்தை 1816-இலேயே எடுத்துக் காட்டியவர். திருக்குறளுக்கு உரை எழுதத் தொடங்கியவர். 'எல்லீசன்' என்று தம் பெயரையே தமிழாக்கிக் கொண்டவர். மக்களின் தயக்கத்தைப் போக்க இவர் ஓர் உபாயம் செய்தார். சக்தியும் தன்வந்திரியும் உரையாடுவதாகத் தமிழில் ஒரு கதை அமைத்தார். பசு தரும் ஐந்து பொருள்களை, அதாவது பஞ்சகவ்வியத்தை, உலகம் அறியும். ஆறாவதாக ஒன்று உண்டு, அது பசுவின் அம்மைப்பால் என்று தேவியே கூறுவதாகக் கதை செல்கிறது. நல்ல எண்ணத்தில் பிறந்த கற்பனை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. புதுச்சேரிப் பிரெஞ்சுப் பாதிரிமாரிடமிருந்து 'எசூர் வேதம்' என்ற ஒரு நூல் ஐரோப்பாவுக்குப் போய், மெய்யான பழைய வேதம் என்று வால்டேரையே நம்ப வைத்தது. அது பிற்காலத்தார் புனைந்த போலி என்று புதுச்சேரியிலிருந்த மூலப் படிகளைப் பார்த்து நிறுவியவர் இதே எல்லிஸ்தான்! போலி வேதத்தைக் கண்டுபிடித்தவரே அம்மைக்காக ஒரு புராணம் செய்தார்.

1819 ஜனவரி 12-இல் 'மெட்ராஸ் கூரியர்' பத்திரிகையில் 'கல்வி விரும்பும்' என்ற புனைபெயரில் ஒரு கடிதம் வெளிவந்தது. தன்வந்திரி இயற்றிய 'சாக்தேய கிரந்தம்' என்ற நூலில் அம்மை குத்தும் முறை உள்ளதென்று அது ஒரு பகுதியை எடுத்துக் காட்டியது. பசுவின் மடியிலோ மனிதனின் மேற்கையிலோ உள்ள கொப்புளத்து நீரைக் கத்தி முனையில் எடுத்து, மற்றொருவரின் மேற்கையில் இரத்தம் துளிர்க்கும்படி கீற வேண்டும் என்பது அதன் சாரம். எழுதியவர் எல்லிஸ்தானோ என்று ஆராய்ச்சியாளர் ஐயுறுகின்றனர். அதே ஆண்டு மார்ச்சு மாதம் அவர் இராமநாதபுரத்தில் இறந்துவிட்டார்.

அந்தக் கடிதம் மட்டும் இறக்கவில்லை. பத்திரிகையிலிருந்து மருத்துவ நூல்களுக்கும், அங்கிருந்து ஐரோப்பாவுக்கும் போய் மீண்டும் நம் நாட்டுக்கே வந்தது. 1905-இல் கிண்டியில் கிங் இன்ஸ்டிடியூட்டைத் திறந்துவைத்த கவர்னர் ஆம்ப்ட்ஹில் பிரபு, பழைய இந்தியாவிலேயே பசுவின் வழியாக அம்மை குத்தும் முறை இருந்திருக்கக் கூடும் என்று கர்னல் கிங் தமக்குக் கூறியதாகவும், அதற்குத் தன்வந்திரியின் வாக்கே ஆதாரம் என்றும் மேடையில் சொன்னார். கன்றுகளின் உடம்பில் அம்மைப்பால் விளைவித்துத் தென்னாடு முழுவதற்கும் அனுப்பிய நிலையம் அது. ஆயுர்வேதத்தைப் புகழ்ந்து எழுதியவர்கள் கவர்னர் வாக்கையே சான்றாக்கினார்கள். சுற்றிச் சுற்றி அதுவே என் மாணவியின் வீட்டுத் திண்ணைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

போலி என்று எவ்வாறு தெரியும்? அப்படியொரு கிரந்தத்தின் ஏடு இன்றுவரை எவர் கையிலும் கிடைக்கவில்லை. அதைவிட வலுவான சான்று ஒன்று உண்டு. தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே கீறுவது, கைக்குக் கை மாற்றுவது, சிறு கத்தியின் நுனியில் எடுப்பது ஆகிய அனைத்தும் ஜென்னர் காலத்து அம்மை குத்துவோர் செய்ததை அச்சாக ஒத்திருக்கின்றன. சோழர் செப்பேட்டில் ரூபாய் நோட்டின் எண் இருந்தால் நீங்கள் என்ன முடிவுக்கு வருவீர்கள்?

இவ்வளவு சொன்னதால் நான் கஷாயத்துக்குப் பகைவன் என்று எண்ணிவிடாதீர்கள். 2020-இல் கொரோனா பரவியபோது தமிழகமெங்கும் கபசுரக் குடிநீர் வழங்கினார்கள்; நானும் கசப்போடு குடித்தேன். என் சங்கடம் வேறு. 'எதிர்ப்புச் சக்தி கூடுகிறது' என்கிறார்களே, எந்த அலகில் கூடுகிறது? மின்கலத்துக்கு மின்னேற்றுவது போல இதை ஏற்ற முடியுமா? உடம்பின் எதிர்ப்பு ஒரே ஓர் அளவு அன்று. வெள்ளணுக்களில் ஒரு வகை எண்ணற்ற வடிவங்களில் பிறக்கிறது. ஒவ்வொரு வடிவமும் ஒரு பூட்டுக்குரிய சாவி போல. கிருமி நுழைந்ததும் அதற்குப் பொருந்தும் சாவி மட்டும் பல்லாயிரமாகப் பெருகி எதிர்ப்பொருளைச் சுரக்கிறது. நோய் தணிந்த பின்னும் சில அணுக்கள் அந்தக் கிருமியை நினைவில் வைத்துக்கொண்டு பல ஆண்டுகள் வாழ்கின்றன. சரகர் சொன்னது வலிமை. டீக்காவும் தடுப்பூசியும் தருவது நினைவு. நல்ல உணவும் உறக்கமும் படையைத் திடமாக வைக்கும். முன்பின் பாராத பகைவனை அடையாளம் காட்டா.

வெறுமனே கூட்டுவதிலும் தீங்கு உண்டு. எதிர்ப்பு மிகுந்து சொந்த உடம்பையே தாக்கும்போது வருவதுதான் முடக்குவாதத்தின் ஒரு வகை. கொரோனாக் காலத்தில் சீந்தில் கொடியை நாள்தோறும் அருந்தியவர்களில் சிலருக்குக் கல்லீரல் அழற்சி கண்டதாக 2021-இல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். அது தன்னையே தாக்கும் எதிர்ப்பின் சாயலில் இருந்தது என்பது அவர்கள் கருத்து. ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. வழக்கு இன்னும் முடியவில்லை என்றே வைத்துக்கொள்வோம்.

முடிந்த வழக்கு ஒன்று நம் சென்னையிலேயே உள்ளது. தொற்றுநோய் மருத்துவமனையின் தலைவராயிருந்த டாக்டர் ஏ. ராமச்சந்திர ராவ், அங்குச் சேர்ந்த 6,942 பெரியம்மை நோயாளிகளைக் கணக்கெடுத்து 1972-இல் நூலாக வெளியிட்டார். அவர்களுள் அம்மை குத்திக்கொள்ளாதவர் 3,544 பேர். 100-க்கு 35 பேருக்கு மேல் இறந்தனர். முன்பு குத்திக்கொண்டிருந்தும் நோய் கண்டவர் 3,398 பேர்; 100-க்கு 6 பேர் அளவில் இறந்தனர். வயது வேறுபாடு முதலியவற்றைக் கழித்துப் பார்க்க வேண்டும் என்பது மெய்தான். ஆனால் குத்திக்கொண்டதால் நோயே வராமல் வீட்டிலிருந்தவர்கள் இந்தக் கணக்கில் வரவே இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரு சாராரும் ஒரே ஊரின் சோற்றையும் மிளகு ரசத்தையும் உண்டவர்கள். இந்தியாவில் கடைசிப் பெரியம்மை 1975 மே மாதம் கண்டது. 1980-இல் உலகமே விடுபட்டதாக அறிவித்தார்கள்.

என் மாணவி கேட்டது தட்டம்மையைப் பற்றியல்லவா? அதற்கு ஒரு தனிக் கொடுமை உண்டு. அதன் கிருமி அந்த நினைவு அணுக்களையே தேடி அழிக்கிறது. நெதர்லாந்தில் தடுப்பூசி போடாத 77 குழந்தைகளுக்குத் தட்டம்மை வருவதற்கு முன்னும் பின்னும் இரத்தத்தைச் சோதித்து 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். மற்ற நோய்களுக்கென்று அவர்கள் சேர்த்து வைத்திருந்த எதிர்ப்பொருள்களில் 100-க்கு 11 முதல் 73 பங்கு வரை காணாமற் போயிருந்தது. இயற்கையாகவே வந்து போகட்டும் என்று விட்டால், இயற்கையாகச் சேர்த்ததும் சேர்ந்து போகிறது.

இந்த எண்களை ஒரு தாளில் எழ்திக் கொடுத்தேன். பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தாராம். பிறகு தம் சட்டைக் கையை மடக்கித் தோளுக்குக் கீழே இருந்த வட்டத் தழும்பைத் தடவிப் பார்த்துக்கொண்டாராம். அடுத்த வாரம் குழந்தையை அவரே தூக்கிக்கொண்டு போனார். திரும்பி வந்ததும் பேத்தியின் தாயாரிடம், நெல்லிக்காயையும் நிறுத்திவிடாதே என்று சொன்னாராம்.